நான் போகாத ஏழாவது வாசல்

ஹார்லன் ஃபோர்க், நெப்ராஸ்கா
திங்கட்கிழமை காலை

கர்த்தருக்குள் என்றும் என் மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு, மருமகன் லோரன் தலைகுனிந்து எழுதுவது.

தலைகுனிந்து என்பதை மரியாதைக்காகப் போடவில்லை. உண்மையிலேயே குனிந்துதான் எழுதுகிறேன். அரிசோனா வெயில் உங்கள் முழங்காலுக்கு ஒத்துக்கொள்கிறது என்று உங்கள் மகள் ரூத்தன் சொன்னாள், ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். அத்தையும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். ரூத்தனும் நலம். என்னோடு பேசுவதைத்தான் புதன்கிழமை முதல் குறைத்துக்கொண்டுவிட்டாள், காரணம் கீழே வருகிறது. நம் ஊர்ச் செய்தி தபாலுக்கு முன்னால் உங்களை வந்து சேர்ந்துவிடும் என்பது தெரியும். ஆனாலும் என் வாயால் சொன்னதாக இருக்கட்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

முப்பத்தொரு வருடம் நீங்கள் நின்ற பிரசங்க மேடையை என்னிடம் ஒப்படைத்த அன்று ஒரே ஒரு வார்த்தை சொன்னீர்கள். "கடைசி வசனம் வரைக்கும் படிக்காத அதிகாரத்த வச்சு பிரசங்கம் பண்ணிடாதப்பா." இப்படியும் ஒருவன் செய்வானா என்று அன்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். செய்வான், மாமா.

சபையில் இளைஞர்கள் குறைந்துவிட்டார்கள் என்று மூப்பர்கள் கூட்டத்தில் பேச்சு வந்தது. வீடியோ கேம் கதைகளில் சுவிசேஷத்தைத் தேடி எடுத்துப் பிரசங்கிக்கிற போதகர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள், நாமும் செய்தால் என்ன என்று நான்தான் சொன்னேன். பிறருக்காக உயிரை விடுகிற வீரன், மாறுவேடத்தில் வரும் ராஜா, விழுந்துபோன நகரம் என்று அந்தக் கதைகளில் உண்மையாகவே நிறைய இருக்கிறது. 'ஏழு வாசல்' என்று ஒரு விளையாட்டை வாங்கினேன். இருட்டுப் பள்ளத்தாக்கில் நாம் தனியாக நடக்கிறோம். முன்னால் ஒரு விளக்குக்காரன் போகிறான். ஒவ்வொரு வாசலிலும் திரும்பி நின்று, "பயப்படாதே, என் பின்னால் வா" என்கிறான். முதல் வாசலிலேயே எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. இவர் நம் மேய்ப்பர் அல்லாமல் வேறு யார் என்று எட்டு வாரத் தொடர் பிரசங்கத்தை அறிவித்துவிட்டேன். நெடுஞ்சாலையைப் பார்த்தாற்போல் இருக்கும் நம் சபை அறிவிப்புப் பலகையில், எழுத்து எழுத்தாக நானே ஏணியில் ஏறி, "விளக்குக்காரர் அழைக்கிறார், நீ வருவாயா?" என்று கோத்து வைத்தேன்.

நான்காவது வாசலுக்கு அப்பால் ஒரு தொங்கு பாலம் இருக்கிறது. கால் வைத்தால் பலகை விழும், பலகையோடு நானும் விழுவேன். அறுபத்து மூன்று முறை விழுந்தேன். ரூத்தன் துணி மடித்துக்கொண்டே எட்டிப் பார்த்து, "இன்னும் அந்தப் பாலந்தானா? சோளம் விதச்சப்ப விழ ஆரம்பிச்சீங்க, இப்ப முழங்கால் உயரம் வளந்துடுச்சு" என்றாள். அதற்குள் நான்கு வாரப் பிரசங்கம் முடிந்து ஐந்தாவது ஞாயிறு வாசலில் வந்து நின்றது. அறிவித்ததோ எட்டு வாரம். ஆகவே மீதி வாசல்களை நானே கட்டினேன். ஐந்தாவதில் விளக்குக்காரர் நமக்காக அடி வாங்கினார். ஆறாவதில் நம்மைத் தோளில் சுமந்தார். ஏழாவதில் நம்மை உள்ளே அனுப்பிவிட்டு, துரத்தி வரும் இருட்டைத் தன் உடம்பால் அடைத்து நின்று, திரும்பிக் கைகளைக் காட்டினார். கையில் காயம். "நேற்றுதான் விளையாடி முடித்தேன், அழுதுவிட்டேன்" என்று மேடையிலிருந்து சொன்னேன். சொன்னபோது மறுபடியும் அழுதேன். அந்தக் கண்ணீர் மட்டும் நிஜம், அதுதான் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

சபையார் சும்மா இருப்பார்களா? மழலையர் அறைச் சுவரில் விளக்குக்காரரை ஆறடி உயரத்துக்கு வரைந்தார்கள். தையல் குழுவினர் அவரை ஒட்டுத்துணிப் போர்வையில் தைத்து, கை நீட்டி வாசலுக்குள் அழைக்கிற மாதிரி, முதியோர் இல்லத்தில் படுத்த படுக்கையாக இருக்கிற ஒருவருக்குப் போர்த்திவிட்டு வந்தார்கள். எல்லோரையும் விட அதிகமாக நம்பியவர் வெர்னா கூப்மன்தான். புதன்கிழமை விருந்துக்கு இலவங்கப்பட்டை ரொட்டி சுட்டு வருவார்களே, எழுபத்தெட்டு வயது, அதே வெர்னாதான். அவர் மகன் ட்வைட் தானியக் கிடங்கில் வேலை பார்க்கிறான். அப்பாவின் அடக்கத்துக்குப் பிறகு பத்தொன்பது வருடமாக அவன் சபைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. தாயும் மகனும் மழையையும் சோளத்தையும் தவிர வேறு பேசுவதில்லை. என் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு வெர்னா நேராக அவன் வீட்டுக்குப் போய், "அந்த விளக்குக்காரர் விளையாட்டு உன்கிட்ட இருக்காடா? எனக்குச் சொல்லிக் குடு" என்றிருக்கிறார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் இருவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து விளையாடியிருக்கிறார்கள். அந்தப் பாலத்தை வெர்னா இரண்டாவது முயற்சியிலேயே கடந்துவிட்டாராம்.

எட்டாவது ஞாயிறு ட்வைட்டே வந்தான். கடைசி வரிசை, மடியில் தொப்பி. பிரசங்க முடிவில் வழக்கம்போல, எல்லாரும் தலை குனிந்து கண்களை மூடுங்கள், ஆண்டவரிடம் வர விரும்புகிறவர் கையை மட்டும் உயர்த்துங்கள் என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல நான் மட்டும் கண்ணைத் திறந்து பார்த்தேன். ட்வைட்டின் கை உயர்ந்திருந்தது! "அந்தக் கையைப் பார்க்கிறேன், சகோதரரே! பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு உயர்ந்த கையைப் பார்க்கிறேன்!" என்று கத்திவிட்டேன். இப்படிச் சொன்ன பிறகு யார் கண்ணை மூடிக்கொண்டிருப்பார்கள்? வெர்னா ஓடிப்போய் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். சபையே வரிசையில் நின்று தழுவிக்கொண்டது. அவன் முகம் பீட்ரூட்டாகச் சிவந்திருந்தது. ஆவியானவரின் கிரியை என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை வெர்னா ஏழாவது வாசலை அடைந்திருக்கிறார். மறுநாள் புதன், கீழ்த்தளத்தில் விருந்து முடிந்து ஜெப விண்ணப்ப நேரம். ஒருவர் இடுப்பு வலிக்கு ஜெபம் கேட்டார், இன்னொருவர் மழைக்குக் கேட்டார். அடுத்து வெர்னா எழுந்து நின்றார். கையில் காகிதக் கைக்குட்டை.

"பாஸ்டர், எனக்காக ஜெபிக்கணும். விளக்குக்காரர் என்னை முழுங்கிட்டார்."

யாரும் சிரிக்கவில்லை.

"நாலு தடவ போனேன், நாலு தடவையும் வாயத் தொறந்து முழுங்கிட்டார். அந்த விளக்கு கூட விளக்கு இல்ல பாஸ்டர், ஆழ்கடல்ல சில மீனுக்கு இரைய மயக்க நெத்தியில வெளிச்சம் தொங்குமே, அது. உங்களுக்குக் கையில காயம் காட்டினவரு எனக்கு மட்டும் ஏன் பல்லக் காட்டினாரு? நான் அறிக்கை செய்யாத பாவம் ஏதோ இருக்கு போல. என்னன்னு யோசிச்சுப் பாத்துட்டேன், தெரியல."

மாமா, அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். பாலத்தைப் பற்றி அறிந்த உங்கள் மகள் எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஜெபிப்போம்" என்றேன். வெர்னாவின் மறைவான பாவத்துக்காக, வெர்னா என்று பெயர் சொல்லி, ஐந்து நிமிடம் உருக்கமாக ஜெபித்தேன். ஆமென் சொன்னதும் அந்த அம்மாள் எனக்கு நன்றி சொன்னார்.

வியாழக்கிழமை ட்வைட் அலுவலகத்துக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பாஸ்டர், அன்னிக்கு நான் கை தூக்கினது ஒரு கேள்வி கேக்க. 'நீங்க சொல்றது வேற விளையாட்டா?'ன்னு கேக்கலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள நீங்க கத்திட்டீங்க."

"மன்னிச்சுக்கோ ட்வைட்."

"என் கத போகட்டும். அம்மா ரெண்டு நாளா சரியா சாப்பிடல. சின்ன வயசுல மளிகக் கடையில ஒரு மிட்டாய் எடுத்தாங்களாம், அதான் காரணமோன்னு கேக்கறாங்க. நான் உண்மையச் சொல்லிருவேன். ஆனா நீங்க பொய் சொன்னீங்கன்னு நான் சொன்னா அவங்க நம்ப மாட்டாங்க. நீங்கதான் சொல்லணும்." கதவுவரை போனவன் திரும்பினான். "சாத்தான் வெளிச்சத்தின் தூதன் வேஷம் போட்டுக்கிட்டு வருவான்னு உங்க பைபிள்லயே இருக்கே. கடைசி வரைக்கும் விளையாடியிருந்தீங்கன்னா எவ்வளவு நல்ல பிரசங்கம் கெடச்சிருக்கும்! அதுக்காகத்தான் நான் வந்தேன்."

ஆக, நேற்று ஞாயிறு, மேடை ஏறினேன். குறிப்புத்தாள் எதுவும் எடுத்துப் போகவில்லை. பாலம், அறுபத்து மூன்று, கட்டுக்கதை, கண்ணீர், வெர்னாவுக்காகச் செய்த ஜெபம், எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு முன்வரிசையிலிருந்து வெர்னாவின் சிரிப்புச் சத்தம். "அப்ப அந்த மிட்டாய்க்கு இல்லையா?" என்றார். மொத்தச் சபையும் சிரித்து, பிறகு அழுதது. ட்வைட் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி, "அந்தப் பாலத்துக்கு நான் வழி சொல்றேன் பாஸ்டர்" என்றான். அந்த நேரம் பார்த்து மேகம் விலகி, உங்கள் பெயர் பொறித்த கண்ணாடி ஜன்னல் வழியாக வெயில் விழுந்தது. ரூத்தன் என் தோளில் சாய்ந்துகொண்டாள். மதிய விருந்தில் ஒன்பது வகைப் பழ அப்பங்கள் இருந்தன.

இனி கடைசி வசனம்வரை படிக்காத எதையும் பிரசங்கிக்க மாட்டேன். அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். உங்கள் முழங்காலுக்கும் என் முதுகெலும்புக்கும் ஒருசேர பெலன் கிடைக்க ஆண்டவர் அருள்வாராக.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்,
லோரன்

பின்குறிப்பு: மாமா, இன்று திங்கட்கிழமை இல்லை, சனிக்கிழமை. ஞாயிறு இன்னும் வரவில்லை. வெயிலும் வெர்னாவின் சிரிப்பும் பழ அப்பங்களும் நானே கட்டியவை. உங்கள் மகள் அடுத்த அறையில்தான் இருக்கிறாள், இன்னும் பேசவில்லை. முடிவுவரை போகாமலே முடிவைச் சொல்கிற வேலையைத் திரும்ப உங்களிடமும் செய்திருக்கிறேன் என்பது கையெழுத்துப் போட்ட பிறகுதான் உறைத்தது. கிழித்துவிட்டு வேறு எழுதலாம்தான். ஆனால் இது உங்களை நோக்கிக் கிளம்பிவிட்டால் நாளை நான் மேடையில் வாயைத் திறந்துதான் ஆக வேண்டும், அதனால் இப்படியே அனுப்புகிறேன். கடிதத்தை எடுத்துப்போக அடையாளமாக வாசல் தபால் பெட்டியின் சிவப்புக் கொடியை உயர்த்திவிட்டேன், தபால்காரரின் வண்டி தானியக் கிடங்கைத் தாண்டி வந்துகொண்டிருக்கிறது. வெர்னா சிரிப்பாரா, எழுந்து போய்விடுவாரா, ட்வைட் வருவானா, எதுவும் தெரியாது. கடிதம் கிடைத்ததும் ரூத்தனைக் கூப்பிட்டு என்ன நடந்தது என்று கேளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள். எனக்காக ஜெபியுங்கள். பெயர் சொல்லி.