கரைத்தண்டல்

தூத்துக்குடியில் தோணி வைத்திருந்தவர்களில் கடலைக் கண்டு என் அப்பா அளவுக்குப் பயந்தவர் வேறு யாரும் கிடையாது. மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கலும் ஏற்றிப் போகும் தோணிக்கு முதலாளி. ஆனால் கட்டிப் போட்ட தோணியில் ஏறி நின்றாலே வாந்தி எடுப்பார். தோணியை ஓட்டிப் போகிறவரைத் தண்டல் என்போம். கரையில் நின்றபடியே அந்தத் தண்டலுக்கு உத்தரவு போட்டதால் துறைமுகம் முழுக்க அப்பாவுக்குக் கரைத்தண்டல் என்று பெயர். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எங்கள் தெருவிலேயே வழி காட்ட ஆள் இருக்காது.

போன மாதம் செத்துப் போனார். அஸ்தியை எங்கே கரைப்பது என்று எனக்கும் அண்ணனுக்கும் சண்டை. தோணி முதலாளியைக் கடலில்தான் கரைக்க வேண்டும் என்றான் அண்ணன். உயிரோடு இருந்தபோது அந்தப் பக்கம் போகாத மனிதரைச் செத்த பிறகு கட்டாயப்படுத்துவது அயோக்கியத்தனம், ஆற்றில் கரைக்கலாம் என்றேன் நான். அண்ணன் மூத்தவன், ஆண்பிள்ளை. அவன் சொன்னதுதான் நடந்தது. செம்பைத் தூக்கிக்கொண்டு பழைய துறைமுகத்துக்குப் போனோம். வழியெல்லாம் நான் வாயை மூடவில்லை.

தோணியில் ஏற அண்ணன் காலைத் தூக்கினான். தண்டல் கையை நீட்டி மறித்தார். முப்பது வருஷமாக அப்பாவிடம் வேலை பார்த்தவர், அப்பாவுக்கு இருந்த ஒரே சிநேகிதர்.

“தம்பி, பாப்பாகிட்ட சண்டையா?” என்று என்னைக் காட்டிக் கேட்டார்.

“ஆமா மாமா. அதுக்கென்ன இப்பம்?”

“எறங்குங்க. தோணி போவாது.”

அது அப்பா போட்ட சட்டம். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வருகிறவன் கயிற்றைக் கவனிக்க மாட்டான், கடலில் விழுவான் என்பார். தோணி கிளம்பும் நாளில் ஒவ்வொருத்தன் வீட்டுக்கும் சைக்கிளில் போய்ப் பெண்டாட்டியிடம் விசாரிப்பார். “ஏளா, ஒம் புருசன் மொகத்தப் பாத்து சிரிச்சியா?” இல்லை என்றால் தோணி நிற்கும். ஒருதடவை திரேஸ்புரத்தில் தோணி ஆள் ஒருத்தனின் மாமியார், மருமகனோடு பேசவே மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாள். நாள் போய்க்கொண்டே இருந்தது. தோணியில் வெங்காயம் முளைவிட்டது. சரக்குக்காரர் போனில் கத்தினார்.

“முளைச்சா நட்டுக்கிடலாம். ஆளு முங்குனா என்ன செய்ய?” என்று அப்பா போனை வைத்துவிட்டார். கடைசியில் அல்வாவோடு போய், அந்த மாமியார் காலில் விழாத குறை.

மகான் என்று நினைத்துவிடாதீர்கள். எங்களிடம் எரிந்து விழுவார். வெளியூர் காலேஜில் சேருகிறேன் என்றதற்கு என் பெட்டியைத் தூக்கி வாசலில் எறிந்தார். அன்றைக்குத் தோணி கிளம்பும் நாள். விஷயம் தெரிந்த தண்டல் நங்கூரத்தை எடுக்க மறுத்துவிட்டார்.

“சட்டம் ஏறுத ஆளுக்குத்தாம்ல. எனக்கில்ல,” என்றார் அப்பா.

“அனுப்புத ஆளுக்கும்தான் அண்ணாச்சி.”

சாயங்காலம் அப்பா பெட்டியைத் துடைத்து உள்ளே கொண்டுவந்து வைத்தார். “படிச்சித் தொல. மொகத்த மட்டும் தூக்கி வச்சிக்கிடாத. அங்க தோணி நிக்கி.”

இப்போது நாங்கள் இரண்டு பேரும் படித்துறையில் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் மடியில் செம்பு. நான் அவன் பக்கம் திரும்பவில்லை. தோணி ஆள்கள் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

“அவசரமில்ல,” என்றான் அதில் ஒருத்தன். “நாங்கள்லாம் இங்கன நாள் கணக்கா உக்காந்திருக்கோம்.”

அண்ணன் செம்பையே பார்த்துக்கொண்டு பேசினான். “ஆத்துலதான் விடணும்னா விடுவோம்ளா. அவரு ஒருதடவையாவது கடல்ல போறதப் பாக்கணும்னு எனக்கு ஆச. அவ்வளவுதான்.”

“இத மொதல்லயே சொன்னா என்ன?”

“நீ எங்க பேச விட்ட?”

அது உண்மை. நான் எழுந்து அவன் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டேன்.

தண்டல் எங்கள் முகங்களை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் கயிற்றை அவிழ்த்தார். துறைமுகச் சுவரைத் தாண்டவில்லை. அலை இல்லாத இடமாகப் பார்த்து இஞ்சினை அணைத்தார். அண்ணன் செம்பைச் சாய்த்தான். நான் அடியில் கை கொடுத்தேன்.

“மெதுவா விடுங்க,” என்றார் தண்டல். “அவருக்குப் பழக்கமில்ல.”