கப்பல் தளத்தில் உடைந்த தேங்காய்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று சொல்லாத ஆள் எங்கள் சொந்தத்தில் கிடையாது. அப்பட்டமான பொய். அது மூக்கைத் தாண்டி வெளியே வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இதைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு ஒரே ஓர் ஆசை. அட்லாண்டிக் கடலில் இன்றைக்கும் காற்றை மட்டும் நம்பிக் காப்பிக்கொட்டையும் ரம்மும் ஏற்றிப் போகிற சரக்குப் பாய்க்கப்பல்கள் சில ஓடுகின்றன. அவற்றில் ஒன்றில் மாலுமியாகப் போகவேண்டும். (கணக்கியல் படித்த பிள்ளைக்கு ஏன் இந்த வேலை என்று நீங்கள் கேட்க வேண்டாம். அம்மா கேட்டு முடித்துவிட்டார்.) வேலை கிடைக்க ஒரு கேப்டனின் சிபாரிசு வேண்டும். சிட்னித் துறைமுகத்தில் அதைத் தரக்கூடியவர் கேப்டன் ஜூடி. அவருடைய பழைய மூன்று பாய்மரக் கப்பலும் ஒரு காலத்தில் அட்லாண்டிக்கில் மரமும் உப்பும் சுமந்ததுதான். இப்போது சனி ஞாயிறுகளில் ஆட்களை ஏற்றித் துறைமுகத்தைச் சுற்றிக் காட்டுகிறது.

ஜூடியிடம் சம்பளமில்லாமல் மாடாய் உழைத்தேன். கயிறுகளுக்குத் தார் பூசினேன். கிழிந்த பாய் தைத்தேன். கடல் தண்ணீர் ஊற்றி, முழங்காலில் நின்று தளத்துப் பலகையைத் தேய்த்தேன். ஒரு சொட்டு எண்ணெய் சிந்தினாலும் சுரண்டி எடுக்க வேண்டும். வீட்டில் குடித்த தேநீர்க் கோப்பையைக் குசினியில் கொண்டுபோய் வைக்காதவள் நான்.

கடைசியில் சோதனை நாள் வந்தது. பாய்மரத்தில் ஏறி, உச்சியில் குறுக்கே கிடக்கும் மரத்தில் நின்று, பாயைச் சுருட்டிக் கட்ட வேண்டும். ஜூடி "இறங்கு" என்று சொல்லும்வரை அங்கேயே நிற்க வேண்டும். புயலில் ஒருத்தி தன் இஷ்டத்துக்கு இறங்கி ஓடினால் மற்றவர்கள் கதி என்ன? "கீழே என்ன நடந்தாலும் அது உன் வேலை இல்லை" என்று பல தடவை சொல்லியிருந்தார். குடும்பத்தினர் வந்து பார்க்கலாம் என்றும் சொல்லிவிட்டார். சனியன் அங்கேதான் பிடித்தது.

அப்பா வந்தார். அவர் இந்த நாட்டுக்கு அகதியாகப் படகில் வந்தவர். அம்மாவும் நானும் பிறகு விமானத்தில் சொகுசாக வந்தோம். வந்த நாளிலிருந்து துறைமுகத்தில் ஓடும் மேன்லி ஃபெரியில்கூட அவர் கால் வைத்ததில்லை. அந்தப் பயணத்தைப் பற்றிக் கேட்டால் "அதுதான் வந்திட்டனே" என்று டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார். அப்படிப்பட்ட மனிதர் பட்டு வேட்டி சால்வையோடு கப்பலில் ஏறினார். கையில் ஒரு பை.

"பைக்குள்ள என்னப்பா?"

"ஒண்டுமில்லைப் பிள்ளை. நீ போய் ஏறு."

எனக்கு மூளை இருந்திருந்தால் அந்த இடத்திலேயே பையைப் பறித்திருப்பேன். டூங்கபியில் எங்கள் வீட்டு வாசலில் கார், ஸ்கூட்டர், புல் வெட்டும் மெஷின் (சத்தியமாக!) எல்லாவற்றுக்கும் தேங்காய் உடைத்தவர் அவர். ஆனால் நான்தான் மகாராணி மாதிரி மேலே ஏறிக்கொண்டிருந்தேனே!

பாயைச் சுருட்டிக் கட்டி முடித்தேன். ஜூடி கீழிருந்து கட்டைவிரலைக் காட்டினார். இனி இறங்கச் சொல்வதுதான் பாக்கி. அப்போது பட்டென்று ஒரு சத்தம். காலையில் நான் தேய்த்துப் பளபளப்பாக்கிய தளத்தின் நட்ட நடுவில் தேங்காய் சிதறிக் கிடந்தது. அப்பா பையிலிருந்து அடுத்து எடுத்தது கற்பூரம். அதைக் கொளுத்தி வைத்த இடம் தார் வாளிக்குப் பக்கத்தில்.

"அப்பா! விசரே உங்களுக்கு? அணையுங்கோ! கப்பல் எரியப்போகுது!"

துறைமுகம் முழுவதும் கேட்டிருக்கும். அப்பா நிமிர்ந்து பார்த்து, "இந்தா முடிஞ்சுது, கும்பிடு பிள்ளை" என்றார். அவ்வளவுதான். எனக்குக் கண் மண் தெரியவில்லை. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டே கயிற்றேணியில் சரசரவென்று இறங்கினேன். நான் தளத்தில் குதித்தபோது ஒரு மாலுமி வாளித் தண்ணீரைக் கற்பூரத்தில் ஊற்றிவிட்டார். பாதி அப்பாவின் வேட்டியில்.

ஜூடி என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: "உன்னை யார் இறங்கச் சொன்னது?"

சிபாரிசு போயிற்று. கப்பலில் எத்தனையோ கைகள் இருந்தன, எத்தனையோ வாளிகள் இருந்தன. நான் மேலே சும்மா நின்றிருந்தாலே தேறியிருப்பேன். அந்த ஆத்திரத்தையும் அப்பாவிடம்தான் திருப்பினேன். "என்ர வாழ்க்கையை நாசமாக்கிப் போட்டியள்! ஒரு தேங்காய்க்காக!"

வேட்டியைப் பிழிந்துகொண்டே அவர் சொன்னார்: "நான் வந்த வள்ளத்துக்கு ஒருத்தரும் தேங்காய் உடைக்கேல்லைப் பிள்ளை. ஒளிச்சு வெளிக்கிட்டனாங்கள். கற்பூரம் கொளுத்தினா வெளிச்சம் காட்டிக் குடுத்திடும் எண்டு விட்டிட்டம். அதில வந்த சிலபேர் கரை காணேல்லை."

எனக்கு இன்னும் கோபம் வந்தது. இத்தனை வருடம் வாயைத் திறக்காத மனுஷன், இதைச் சொல்ல இந்த இடம்தானா கிடைத்தது! அவரை அப்படி ஒளித்து ஓட வைத்தவர்கள்மேல் கோபம். "அதுதான் வந்திட்டனே" என்றதை நம்பி அதற்குமேல் கேட்காமல் இருந்த என்மேல் கோபம். ஜூடிக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னபோது என் குரல் நடுங்கியது. அதற்கும் கோபம்தான் காரணம்.

ஜூடி இரண்டு தேய்ப்புக் கட்டைகளை நீட்டினார். "தேங்காய்த் தண்ணீர் பலகையில் ஊறுவதற்கு முன் தேயுங்கள். இரண்டு பேரும்." என் பக்கம் திரும்பி, "நீ அடுத்த வருடம் வா" என்றார். அப்பாவும் நானும் முழங்காலில் நின்று தேய்த்தோம். தேய்க்கத் தேய்க்க அவர் அந்தப் படகின் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அடுத்த வருடம் தேறினேன். அட்லாண்டிக் கப்பல் புறப்படும் காலையில், தளத்தில் அல்ல, துறைமுகத்துக் கல்லில் நானே ஒரு தேங்காயை அடித்தேன். சனியன், உடையவே இல்லை. ஓங்கி ஓங்கி அடித்து, திட்டித் தீர்த்து, ஒருவழியாக உடைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே அப்பாவிடமிருந்து பதில் வந்தது: "சரி. இப்ப ஏறு."

இன்றைக்கும் வீட்டில் நான் குரலை உயர்த்தினால் போதும். அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்ப்பார். அப்பா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்பார்: "ஆர் பிள்ளை உன்னை இறங்கச் சொன்னது?"