மைக்செட்டின் மேல்முறையீடு

உத்திரமேரூரில் ரகசியம் என்று ஒன்று தங்காமல் போனதற்கு ஒரே ஆள்தான் காரணம்: மைக்செட். கல்யாணம், காதுகுத்து, கூழ் ஊற்றும் திருவிழா எதுவானாலும் ஒலிபெருக்கி கட்டியவர். ஓர் ஆடி மாதம் புளியமரத்தில் ஏறி ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டும்போது விழுந்ததில், இடுப்பும் காலும் போயின. குரல் மட்டும் கீறல் இல்லாமல் தப்பித்துவிட்டது. பஸ் நிலையத்தில் அவர் டீ சொன்னால், ஏரிக்கரையில் மாடு மேய்ப்பவர் திரும்பிப் பார்ப்பார்.

நான் நீதிமன்ற வளாகத்தில், இலவச சட்ட உதவி மையத்து வக்கீல். ஒருநாள் குரல் முதலில் வந்தது. ஊன்றுகோலும் அவரும் பின்னால் வந்தார்கள்.

"வக்கீலம்மா! கவர்மெண்டு மேல கேஸு போடணும்!"

"கொஞ்சம் மெதுவா பேசுங்க."

"இதாம்மா என் மெதுவு!"

மாற்றுத்திறனாளி உதவித்தொகை கேட்டு மனு கொடுத்திருக்கிறார். மகன் ஆதரவில் வசதியாக இருக்கிறார் என்று சொல்லி நிராகரித்துவிட்டார்கள். மகனோ பெங்களூர் போனவன் போனவன்தான். போன் நம்பரைக்கூட மாற்றிவிட்டான். பிறகு எப்படி இந்தக் காரணம்? துருவிக் கேட்டதில் வெளியே வந்தது.

கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்க வந்த அன்று தெருவே கூடிவிட்டது. வேறு யாராவது என்றால் கிழிந்த பாயை எடுத்துப் போட்டிருப்பார்கள். இவர் பக்கத்து வீட்டு பைக்கை இரவல் வாங்கி வாசலில் நிறுத்தி, "என் புள்ள வண்டி சார்! ராஜா மாரி வச்சிக்கினு கீறான்!" என்று தெருக்கோடி வரை அறிவித்திருக்கிறார். அலுவலரும் அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"பின்ன இன்னாம்மா? புள்ள உட்டுட்டுப் பூட்டான்னு அத்தினி பேர் முன்னால சொல்லச் சொல்றியா? மாத்திரை வாங்க வழியில்லதான். அதுக்காவ மானத்த விக்கிறதா?"

மேல்முறையீடு எழுதிக் கொடுத்தேன். "ஒரே கேள்விதான் கேப்பாங்க. யாரும் இல்லைன்னு சொல்லுங்க, போதும்" என்று பாடம் நடத்தினேன். ஒத்திகைக்கு ஒத்திகை மகன் வளர்ந்துகொண்டே போனான். முதலில் மேஸ்திரி, அடுத்து சூப்பர்வைசர், அப்புறம் மேனேஜர்.

"இன்னும் ஒரு வாரம் போனா கம்பெனியையே வாங்கிடுவான்" என்று எரிந்து விழுந்தேன். அவர் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

காஞ்சிபுரத்தில் விசாரணை. அறை முழுக்க ஜனம். வரும் வழியெல்லாம் பஸ் கண்டக்டரோடு சண்டை போட்டு வந்த மனிதர், "உங்களைப் பாத்துக்க யார் இருக்காங்க?" என்று அதிகாரி கேட்டதும் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். பிறகு ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டு, மேசைமேல் குனிந்தார். அவ்வளவு சின்னக் குரல் அந்தத் தொண்டையில் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"யாரும் இல்ல சார். எழுதிக்கோங்க. சத்தமா மட்டும் படிச்சிடாதீங்க."

அதிகாரி படிக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

உத்தரவு சாதகமாக வந்தது. உதவித்தொகையும் வருகிறது. வழக்கு முடிந்துவிட்டது என்று நான் சொன்னதை மட்டும் அவர் ஏற்றுக்கொள்ளவே இல்லை. திங்கட்கிழமை ஆனால் வளாகம் அதிர நுழைவார்.

"வக்கீலம்மா! நம்ம கேஸு இன்னா ஆச்சு?"

"நடந்துக்கிட்டே இருக்கு. உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போடுவேன்.

அவர் வராத திங்கட்கிழமைகளின் அமைதி எனக்குப் பிடிப்பதே இல்லை.