வைப்பர் மாமா மேல் எனக்குத் தீராத கோபம்

உலகத்தில் ஆயிரம் அநியாயம் நடக்கிறது. மும்பையில் எங்கள் பில்டிங் வைப்பர் மாமாவுக்குத் தெரிந்த அநியாயம் ஒன்றே ஒன்றுதான்: கார்க் கண்ணாடியைச் சரியாகத் துடைக்காத வைப்பர். விலைவாசி ஏறினால் அவருக்குக் கோபம் வராது. லிஃப்ட் மாசக்கணக்கில் படுத்துக் கிடந்தாலும் வராது. மழையில் ஏதாவது ஒரு வைப்பர் 'கீச்' என்று கத்தினால் போதும், அதைவிட உரக்க அவர் கத்துவது செம்பூர் ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தே தீர வேண்டும். யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. ஏதோ ஆபீஸில் ஆயுசுக்கும் குமாஸ்தாவாக இருந்துவிட்டு ரிட்டயர் ஆனவர். மூன்றாவது மாடியில் மாமியோடு இருக்கிறார். என் வயிற்றெரிச்சலைக் கிளப்பும் விஷயம் என்னவென்றால், மனிதருக்குக் கார் கிடையாது. இருந்ததும் இல்லை. ஓட்டவும் தெரியாது.

மே மாசம் பிறந்தால் போதும், ஜூன் மழைக்கு முன்னேற்பாடாகப் பனியனும் வேஷ்டியுமாகப் பார்க்கிங்கில் ஆஜராகிவிடுவார். ஒவ்வொரு காராக நின்று வைப்பரைத் தூக்கி, ரப்பர் விளிம்பில் நகத்தை ஓட்டி, "கர்மம், கர்மம்" என்று தலையில் அடித்துக்கொள்வார். பிறகு அதைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். கார்க்காரரைக் கேட்க வேண்டாமா?

"பல்லு சொத்தையா இருந்தா டாக்டர் பர்மிஷன் கேட்டுண்டா நிப்பார்?" என்பார்.

"ஆமாம் மாமா, கேட்டுட்டுத்தான் பிடுங்குவார்" என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அந்த ஒரு வாரம் நான் நிம்மதியாக இருந்தேன்.

கழற்றிக்கொண்டு போய் என்ன செய்வார்? ரப்பரை வெந்நீரில் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுவார். வெடித்த விளிம்பை மெல்லிய உப்புத்தாளால் தேய்ப்பார். கிளிசரின் தடவி, பால்கனிக் கொடியில் துணி கிளிப் போட்டுத் தொங்க விடுவார். துருவோ அழுக்கோ, எதுவானாலும் புளித்தண்ணியில் ஊறப் போட்டால் போய்விடும் என்பது அவர் சித்தாந்தம். மாமி இதற்காகவே புளியை டப்பாவுக்குள் டப்பா வைத்து ஒளித்துப் பார்த்தாள். கண்டுபிடித்துவிடுவார்.

"எதுக்கு மாமா இந்தக் கூத்து? கடையில புதுசு கிடைக்கறதே" என்றால் பிடித்துக்கொள்வார்.

"புதுசா? இந்த ரப்பர் உனக்கு என்னடி பாவம் பண்ணித்து? அழுக்கா இருக்குன்னா குளிப்பாட்டணும். தூக்கியா போடுவா?"

நியாயமாகச் சொல்ல வேண்டும், சில வைப்பர்கள் நன்றாகவே துடைத்தன. சிலது துடைக்கவில்லை. முதல் மாடி டாக்டர் காருக்கு நீளமானதை இடதிலும் குட்டையானதை வலதிலும் மாற்றி மாட்டியதில், இரண்டும் நடுக்கண்ணாடியில் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு குடுமிப்பிடிச் சண்டை போட்டன. டாக்டர் போய்க் கேட்டால், "உங்க கார் அகலம் பத்தாது" என்று பதில் வந்தது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். போன வருஷம் ஜூலை. என் பெண் ஸ்ருதிக்கு வெளிநாட்டில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. வியாழக்கிழமை காலை, குர்லாவைத் தாண்டி பி.கே.சி.யில் இருக்கும் தூதரகத்தில் விசா நேர்காணல். தவறவிட்டால் அடுத்த தேதி கிடைப்பதற்குள் அங்கே வகுப்பே தொடங்கிவிடும், அதோடு சீட்டும் போச்சு. வீட்டில் நானும் அவளும்தான். ரெண்டு வருஷமாக அந்தப் பெண் ராப்பகலாகப் படித்ததற்கு நான் ஒருத்திதான் சாட்சி. இந்த லட்சணத்தில், ஞாயிற்றுக்கிழமை நான் கறிகாய் வாங்கிக்கொண்டு வருகிறேன், மாமா என் கார் வைப்பர் இரண்டையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு எதிரே வருகிறார்.

எனக்கு வந்த கோபத்தில் பை கையிலிருந்து நழுவித் தக்காளி உருண்டது.

"மாமா! வியாழக்கிழமை ஸ்ருதிக்கு விசா! அதுக்குள்ள வண்டியில இது இருக்கணும், சொல்லிட்டேன்!"

"இருக்கும்டி! கத்தாதே! உன் தொண்டைக்கும் கிளிசரின் தடவணும் போலருக்கு!"

புதன்கிழமை சாயந்திரம் தொப்பலாக நனைந்து ஆபீஸிலிருந்து வந்தேன். கார் பில்டிங்குக்குப் பின்பக்கம், பிளாஸ்டிக் உறை போட்டு மூடிக் கிடந்தது. அந்த மழையில் அதைத் திறந்து பார்க்க யாருக்குத் தெம்பு இருக்கிறது? கேட்டிலேயே வாட்ச்மேன் திவாரியைக் கேட்டேன், மாமா வைப்பர் மாட்டினாரா என்று.

"ஹாங் மேடம். மாமா போலா, கல் லகாயா."

இங்கேதான் என் தலையெழுத்து விளையாடியது. இந்தியில் 'கல்' என்றால் நேற்றும்தான், நாளையும்தான். எது என்பதைக் கூட வரும் வினைச்சொல்தான் சொல்லும். 'கல் லகாயா' என்றால் நேற்றே மாட்டியாயிற்று. நானும் அப்பாடா என்று மாடி ஏறிவிட்டேன். ஆனால் ஆயுசில் பாதிக்கு மேல் மும்பையில் இருந்தும் மாமாவின் இந்தியில் ஒரே காலம்தான். சாப்பிட்டதும் 'காயா', சாப்பிடப் போவதும் 'காயா'. மனிதர் நாளைக்கு மாட்டுகிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறார். திவாரி பாவம், வார்த்தை பிசகாமல் என்னிடம் ஒப்பித்திருக்கிறான்.

வியாழக்கிழமை விடிந்தபோது வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ஸ்ருதி மொபைலை வைத்துக்கொண்டு அழாத குறை.

"அம்மா, டிரைன் பந்த்! குர்லால தண்ணி! ஏக் பீ கேப் நஹி மில் ரஹா!"

"கேப் கிடைக்கலைன்னா போகட்டும், நம்ம வண்டி இருக்கு, ஏறு!" என்றேன். உறையை இழுத்துப் போட்டு, அவளை உள்ளே தள்ளி, வண்டியைக் கிளப்பிக் கேட் வரைக்கும் வந்து வைப்பரைத் தட்டினேன். 'கர்ர்ரக்' என்று ஒரு சத்தம். வெறும் கம்பி இரண்டும் கண்ணாடியைக் கீறிக்கொண்டு போய் வந்தன. ரப்பரும் இல்லை, ஒன்றும் இல்லை.

நான் போட்ட சத்தத்தில் மாமா குடை கூட இல்லாமல் இறங்கி ஓடி வந்தார். இரண்டு கையிலும் இரண்டு வைப்பர். பளபளவென்று இருந்தன, அதில் குறை சொல்ல முடியாது.

"நேத்திக்கே மாட்டியாச்சுன்னு சொன்னேளே!"

"நாளைக்கு மாட்டறேன்னுதானேடி சொல்லி விட்டேன்! கல்னா நாளைக்குத்தானே!"

"கல்னா நேத்தும்தான் மாமா!"

"ரெண்டுக்கும் ஒரே வார்த்தை வெச்சுண்டா அது என் தப்பா?"

"தர்க்கம் அப்புறம். மாட்டுங்கோ முதல்ல!"

மாமா ஒரு வைப்பரைக் கம்பியில் வைத்துப் பார்த்தார், வழுக்கி விழுந்தது. பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். கம்பியில் வைப்பரைப் பிடித்து நிறுத்தச் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் கிளிப் உண்டு. இரண்டு கிளிப்பையும் அழுக்குப் போகப் புளித்தண்ணியில் போட்டு வைத்திருக்கிறார். விடிகாலையில் மாமி அதை ரசத்துக்குக் கரைத்த புளி என்று நினைத்து அப்படியே அடுப்பில் ஏற்றிவிட்டாள். கிளிப் இரண்டும் தக்காளி, பெருங்காயத்தோடு கொதித்து வளைந்து கோணிப் போய்விட்டன.

"உங்களைக் கொன்னாக் கூடப் பாவமில்லை மாமா!" என்று கத்தினேன். அழுகை வேறு வந்து தொலைத்தது.

"கொல்லறதை வந்து கொல்லு. இப்ப வண்டியை எடு" என்று பின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். "நான் இருக்கேன் துடைக்க."

அன்றைக்குச் செம்பூரிலிருந்து குர்லா வரைக்கும் வண்டிகள் ஓடவில்லை, ஊர்ந்தன. அதனால்தான் இது நடந்தது. மாமா இறங்கி என் ஜன்னல் பக்கம் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கால் தண்ணியில் கூடவே நடந்தார். வைப்பரைக் கையில் பிடித்துக் கண்ணாடியில் இப்படியும் அப்படியும் இழுத்தார். வண்டி கொஞ்சம் வேகம் எடுத்தால் ஓடி வந்து ஏறிக்கொள்வார், நின்றால் குதித்துவிடுவார். வாய் மட்டும் ஓயவில்லை.

"ஆக்ஸிலேட்டரை மிதிக்கறியா, அம்மியை மிதிக்கறியா? முன்னால போறான் பாரு, போடி!"

ஆட்டோக்காரர்கள் தலையை நீட்டிச் சிரித்தார்கள். ஸ்ருதி வெட்கத்தில் சீட்டுக்குக் கீழே போய்விட்டாள். ஒரு சிக்னலில் பக்கத்துப் பெரிய கார்க்காரர், சிக்னலில் கண்ணாடி துடைத்துவிட்டுக் கை நீட்டுகிறவர்களில் ஒருத்தர் என்று நினைத்து, மாமாவிடம் சில்லறையை நீட்டினார். சண்டை பற்றிக்கொள்ளப் போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். மாமா அந்தக் கார் வைப்பரைத் தூக்கி, நகத்தால் ஒரு கீறு கீறி, "சர்ம் நஹி ஆதா? யே ரப்பர் ஹை? வைப்பர் ஹை?" என்று, வெட்கமில்லையா என்று தன் இந்தியில் அந்த மனிதரை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு வந்தார். கார்க்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பச்சை விழுவதற்கு முன்னாலேயே பறந்துவிட்டார்.

போய்ச் சேர்ந்தோம். நேரத்துக்கு மயிரிழை முன்னால். ஸ்ருதி ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். நானும் மாமாவும் ஒரு தகர ஷெட்டுக்குக் கீழே நின்றோம். அவருக்குப் பல் தந்தியடித்தது. துண்டைக் கொடுத்தேன், முறைத்துக்கொண்டேதான் கொடுத்தேன்.

வெகு நேரம் கழித்து அவள் வெளியே வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"அம்மா, ஹோ கயா! கெடச்சுடுத்து!"

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவளைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக மாமா பக்கம் திரும்பித் திட்ட ஆரம்பித்தேன். கேட்காமல் எடுத்தது, புளி, ரசம், இந்தி, கீறல் விழுந்த கண்ணாடி எல்லாவற்றையும் சொல்லித் திட்டினேன். மூச்சு வாங்குகிற வரைக்கும் திட்டினேன். எதற்கும் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியாத அந்த மனிதர், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். நான் நிறுத்தியதும் மெதுவாகச் சொன்னார்:

"இவ போயிடுவா. ஆத்துல நீ ஒண்டியா இருப்பே. கோபம் வந்தா யாரைத் திட்டுவே? மூணாவது மாடிக்கு வா. நான் இருக்கேன்."

ஸ்ருதி போய் வருஷம் ஆகப் போகிறது. எனக்குக் கோபம் மட்டும் வாரம் தவறாமல் வருகிறது. மூன்றாவது மாடிக்குப் போய் மாமாவைத் திட்டுகிறேன், அவர் பதிலுக்குத் திட்டுகிறார், நடுவில் மாமி காபி கொண்டு வந்து வைக்கிறாள். திட்டுவதற்கு விஷயம் எதுவும் அகப்படாத நாளில், நானே என் கார் வைப்பரைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படி ஏறுகிறேன்.