நிறமிழந்த திரையும் ராகலை மாப்பிள்ளையும்

தாளம் பிடிபடாதவனைக் கல்யாண வீட்டில் பந்தி பரிமாற விடலாம், தோரணம் கட்ட விடலாம். ஸ்பீக்கர் பக்கம் மட்டும் விடக்கூடாது. அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டில் என்னை விட்டார்கள்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில், பூண்டுலோயாவுக்கு மேலே. மாப்பிள்ளை ராகலைக்காரர். இந்த இடமும் நழுவினால் அக்காவைக் குவைத்துக்கு வீட்டுவேலைக்கு அனுப்புவதென்று அப்பா முடிவு செய்திருந்தார். அக்காவுக்குப் போக விருப்பமில்லை.

எனக்கு ஒரே வேலை. வேன் கீழ் வளைவில் தெரிந்ததும், சித்தப்பா மகன் கொழும்பிலிருந்து கொண்டுவந்த லேப்டாப்பில் நாதஸ்வரத்தைப் போட வேண்டும். கோயில் மரத்தில் கட்டிய ஸ்பீக்கர் வரை வயர் இழுத்திருந்தோம். வயரின் ஒரு கிளை அங்கே போனது, மறு கிளை என் தலையிலிருந்த பெரிய ஹெட்போனுக்கு.

மூடுபனி இறங்கியது. வளைவு மறைந்துபோனது. காத்திருந்த நேரத்தில் லேப்டாப்பில் இருந்த ஒரு விளையாட்டைத் திறந்தேன். யாரோ நாலைந்து பேர் சேர்ந்து, பழைய டிவி கேம் மாதிரியே செய்து, பாகம் பாகமாக வெளியிட்டது. இருட்டிலிருந்து சதுரப் புள்ளிகள் வரும், தாளம் தவறாமல் திருப்பி அடிக்க வேண்டும். சரியாக அடித்தால் இசை கூடும், நிறம் கூடும். தவறவிட்டால் வாத்தியங்கள் ஒவ்வொன்றாக உதிரும். திரை கறுப்பு வெள்ளையாகி, கடைசியில் வெறும் ‘தும்... தும் தும்’ மட்டும் மிஞ்சும். (எந்தப் பாகத்தைத் திறந்தாலும் நான் அங்கேதான் போய்ச் சேருவேன்.)

எங்கள் மலையில் ஓர் உயிர் போனால், சேதி சொல்ல அடிக்கும் தப்பு மேளம் அப்படித்தான் ஒலிக்கும். ஸ்பீக்கரோ முழுச் சத்தத்தில் இருந்தது.

தலை நிமிர்ந்தேன். சன்னலுக்கு வெளியே பனிக்குள் ஒருவர் நின்றிருந்தார். பிறகு மூவர். பிறகு எண்ண முடியவில்லை. எவருக்கும் முகம் இல்லை. வாய்கள் திறப்பதும் மூடுவதும் மட்டும் மங்கலாகத் தெரிந்தன. என் காதில் ‘தும்... தும் தும்’. மாப்பிள்ளை வீட்டார் நடந்தே வந்துவிட்டார்கள் என்று எண்ணி, எழுந்து கும்பிட்டுப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன்.

முன்னால் நின்ற பக்கத்து லயத்து வீட்டுப் பெண் மாரில் அடித்துக்கொண்டாள். ஹெட்போனைக் கழற்றினேன்.

“யாருடா தம்பி போயிட்டாங்க? அப்பாவா?”

கேள்வி முடியுமுன் அப்பாவே புது வெள்ளை வேட்டியில் வாசலுக்கு வந்தார். இரண்டு பேர் அலறிக்கொண்டு பின்வாங்கினார்கள்.

வயரைப் பிடுங்கினேன். ‘தும்... தும் தும்’ நிற்கவில்லை. பனிக்கு அடியிலிருந்து அது வந்துகொண்டே இருந்தது. நான் அப்பாவின் கையைத் தொட்டுப் பார்த்தேன். சூடாகத்தான் இருந்தது.

கீழ் லயத்துக் காளிமுத்து மாமாதான், மேலிருந்து எங்கள் ஸ்பீக்கரில் வந்த சேதியைத் தன் தப்பில் வாங்கி அடுத்த மலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். (சாவுச் செய்திக்குத் தாளம் உண்டு. திருத்தம் வெளியிடத் தாளம் கிடையாது.)

அதற்குள் வளைவிலிருந்து ஓடிவந்த ஒருவர் சொன்னார்: “வேன் நிக்குதுங்க. பொண்ணு வீட்டுல சாவுன்னு கேட்டுட்டாங்க. திரும்பப் போறாங்களாம்.”

பட்டுச்சேலையில் கதவைப் பிடித்து நின்ற அக்கா என்னைப் பார்த்தாள்.

“குவைத்துல மூடுபனியே இருக்காதாம்டா. எனக்கு நல்ல காலம்தான்.”

அவள் குரல் உடைந்திருந்தது. அப்போது பனிக்குள்ளிருந்து இன்னும் ஓர் உருவம் தனியாக ஏறி வந்தது. புதுச் சப்பாத்து முழுக்கச் சேறு. அப்பா முன்னால் நின்று கைகூப்பியது.

“நான் ராகலைங்க. வீட்டாளுங்க வேன்லயே இருக்காங்க. நல்லதுக்குன்னாதான் கூப்பிடணும், கெட்டதுக்குக் கூப்பிடாமலே வரணும்ல, அதான் வந்தேன். எங்க வச்சிருக்கீங்க?”

அப்பா தொண்டையைச் செருமினார்.

“நான்தான்னு சொல்றாங்க தம்பி.”

முதலில் சிரித்தது அக்கா. பெண் பார்க்கும் நாளில் அப்படிச் சிரிக்கக்கூடாது என்று அம்மா கிள்ளியும் நிற்கவில்லை. சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளே சொன்னாள்:

“வேன மேல வரச் சொல்லுங்கப்பா.”

அக்கா குவைத் போகவில்லை, ராகலைக்குப் போனாள். வீட்டு விசேஷங்களில் என் கண்ணில் படும்படி எவரும் வயரை வைப்பதில்லை. இன்றும் மூடுபனி நாளில் மச்சான் வந்தால், வாசலில் சப்பாத்தைக் கழற்றியபடியே கேட்பார்:

“எங்க வச்சிருக்கீங்க?”

உள்ளே நாற்காலியிலிருந்து அப்பா கையைத் தூக்குவார்.