பண்ணாடியோடு எழாமல் உட்கார்ந்த கதை

சிறுநீரை அடக்குவது எப்படி என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்து வயிறு வளர்ப்பவன் நான். முதல் நோயாளியின் வீட்டில் அது முடியாமல், கோட்டும் ஷூவும் ஸ்டெதாஸ்கோப்புமாக மாட்டுத்தொழுவத்துக்கு ஓடியவனும் நான்தான்.

எனக்கு முப்பது சொச்சம் வயதில் நடந்தது. மதராஸில் சிறுநீர்ப்பைக் கோளாறுகளுக்குத் தனிப்பயிற்சி பெற்று வந்து, கொழிஞ்சாம்பாறையில் பலகை மாட்டியிருந்தேன். ஒரு மாதமாக ஈ கூட எட்டிப் பார்க்கவில்லை. அப்போதுதான் பக்கத்து ஊர்ப் பெரிய நிலக்காரர், எல்லோருக்கும் ‘பண்ணாடி’, வண்டி அனுப்பினார். கால் மணிக்கு ஒருதரம் எழுந்து ஓடுகிற வியாதி அவருக்கு. பத்து நாளில் மூத்த மகள் கல்யாணம். தாரை வார்க்கும்போது எழுந்து ஓடினால் சம்பந்தி முகத்தில் எப்படி விழிப்பது என்று கலங்கிப்போயிருந்தார். குணப்படுத்தினால் சந்தை முழுக்க என் பெயர். கோட்டை விட்டால் மறுபடி மதராஸ் ரயில்.

வழியில்தான் சனி பிடித்தது. புது டாக்டர் போகிறார் என்று வீட்டுக்கு வீடு வண்டியை மறித்தார்கள். "ஏனுங்க, எங்கூட்டு மோரு மட்டும் வேண்டாங்களா?" மறுத்தால் மரியாதையில்லை. நாலு வீட்டு மோர், நடுவில் ஒரு ஓலைப்பட்டை பதனீர். (அதெல்லாம் எங்கே போய்ச் சேரும் என்று படித்த முட்டாளுக்குத் தோன்றவில்லை.) பண்ணாடி வீட்டில் இன்னொரு செம்பு.

"அவசரம் வந்தா ஓடாதீங்க ஐயா. உக்கார்ந்தபடியே அடித்தசைய இறுக்கிப் பிடிங்க. அலை மாதிரி வந்துட்டுப் போயிடும்" என்றேன்.

"நெசமாலுமேங்களா?"

"நானும் கூடவே உக்கார்றேன். அரை மணி நேரம். நான் எழுந்திரிக்கிற வரைக்கும் நீங்க எழுந்திரிக்கக் கூடாது." கடிகாரத்தைக் கழற்றி நடுவில் வைத்தேன். அவ்வளவு திமிர்.

ஐந்தாம் நிமிடம் பண்ணாடிக்கு வியர்த்தது. பத்தாம் நிமிடம் எனக்கு. கால்மேல் கால் போட்டேன், மாற்றிப் போட்டேன், ஓட்டு வீட்டின் உத்தரங்களை எண்ணினேன்.

"ஏனுங்க டாக்டரு, மூஞ்சி ஒரு மாதிரி போவுது?"

"யோசனை."

"அடியில இறுக்கிப் புடிங்க. அலையாட்ட வந்துட்டுப் போயிருமுங்க."

சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததுதான் தப்பு. பதினெட்டாம் நிமிடம் எழுந்து ஓடினேன். தொழுவத்தில் யாரோ ‘ஐயோ’ என்று சாணிக்கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். திரும்பிப் பார்க்கும் நிலையில் நான் இல்லை. வீட்டுக்குள்ளிருந்து பண்ணாடியின் குரல் மட்டும் ஊருக்கே கேட்டது: "டாக்டரு தோத்துட்டாரு! நானு இன்னும் உக்காந்துட்டுத்தான் இருக்கறேன்!"

கல்யாணத்தன்று மணவறையில் மனிதர் அசையவில்லை. அவசரம் வந்தபோதெல்லாம் முன்வரிசையில் இருந்த என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பந்தியில் கதை முழுவதையும் அவர் சொன்னதும் அழுகை நின்றுபோனது.

அன்றிலிருந்து வந்த நோயாளிகளுக்கெல்லாம் ஒரே பிடிவாதம்: "நீங்களும் எதுத்தாப்புல உக்காருங்க. உங்களச் செயிச்சாத்தான் கொணமாகுமாமுங்க." முப்பது வருஷமாக உட்கார்ந்துகொண்டிருக்கிறேன்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும், அரை டம்ளர் காபியை நீட்டியபடி என் மனைவி கேட்பாள்: "ஏனுங்க, இன்னைக்கு யாரு செயிச்சாங்க?" அவளை அதட்டவும் முடியாது. பண்ணாடியின் இளைய மகள். அன்று சாணிக்கூடையைப் போட்டுவிட்டு ஓடியவள் அவள்தான்.