ஏரிக்குப் பூட்டுப் போட்ட மனு

சந்தாபுரா,
ஞாயிறு காலை

அன்புள்ள ராஜலக்ஷ்மி அக்காவுக்கு,

தம்பி இளங்கோவன் எழுதுவது. உங்களுடைய நலத்தையும் மாமாவுடைய முழங்காலின் நலத்தையும் தனித்தனியே விசாரித்ததாகக் கொள்ளவும். இங்கே நாங்கள் உயிரோடு இருக்கிறோம். போனில் சொல்லலாம்தான், ஆனால் எங்கள் வீட்டில் சுவர் என்பது பேருக்குத்தான். மகா காதில் விழுந்துவிடும்.

உங்கள் மருமகள் மகா, பி.யூ.சி. படிக்கிற பெண், போன வருஷம் துடுப்புப் படகுப் பயிற்சியில் சேர்ந்தது உங்களுக்குத் தெரியும். ஏரி எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. மூக்கு இருந்தால் வழி கேட்க வேண்டியதில்லை. கோச் லவினா மேடம் எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைகள் இருபது பேரை இலவசமாகப் பழக்கினார். "தண்ணி கறுப்பா இருக்கே மேடம்" என்றேன். "சுத்தமான தண்ணி இருக்கற இடத்துக்கெல்லாம் கிளப் மெம்பர்ஷிப் வேணும் அங்கிள். இவங்களுக்கு இதுதான் இருக்கு" என்றார். மகாவும் அவள் ஜோடி நோராவும் மாநிலப் போட்டிக்குத் தேர்வானபோது தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தேன். தண்ணீரைப் பற்றி வாய் திறக்கவில்லை.

போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஆகாயத்தாமரையில் துடுப்பு சிக்கி, படகு கவிழ்ந்து, நோரா வாயை மூடிக்கொண்டு விழுந்திருக்கிறாள், உங்கள் மருமகள் "ஐயோ, துடுப்பு!" என்று கத்திக்கொண்டே விழுந்திருக்கிறாள், ஆகையால் ஏரியில் பாதியைக் குடித்துவிட்டுத்தான் எழுந்தாள். எட்டாம் நாள் காய்ச்சல். கண் மஞ்சள். எலிக்காய்ச்சல் என்றார் டாக்டர். சிறுநீரகம் வேலையை நிறுத்திவிட்டது; நான்கு நாள் மெஷின்தான் ரத்தத்தைச் சுத்தம் செய்தது. ஐ.சி.யூ. கதவுக் கண்ணாடி வழியாக அவள் கை மட்டும் தெரிந்தது. வீங்கியிருந்தது. அதைப் பற்றி எழுத வரவில்லை அக்கா.

பிழைத்துவிட்டாள். வீடு வந்ததும் எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் மனு எழுதுவேன். ஏரியைப் பார்த்துக்கொள்கிற ஆபீசுக்குப் போனால், "நீரு நம்மதல்ல சார், வேலி மட்டும்தான் நம்மது" என்றார் கவுண்டரில் இருந்த கன்னடக்காரர். "அப்ப தண்ணி யாருது?" "அது பக்கத்து பில்டிங். மேல மிதக்கற நுரை யாருதுன்னு இன்னும் முடிவாகல." எலி, ஆகாயத்தாமரை, நுரை, செத்த மீன், லவினா மேடம் என்று ஒருவரையும் விடாமல் ஐந்து பக்கம் எழுதிக் கொடுத்தேன். நடவடிக்கையே எடுக்க மாட்டார்கள் என்பார்களே, ஒன்பதே நாளில் எடுத்தார்கள். கேட்டுக்குப் பூட்டு. படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். 'பொதுமக்களில் ஒருவர் அளித்த புகாரின்பேரில் படகுப் பயிற்சிக்குத் தடை' என்று போர்டு. எலிகளுக்குத் தடையில்லை. ஏரி அப்படியேதான் நாறுகிறது. பிள்ளைகள் மட்டும் வெளியே. வழியில் பார்த்த லவினா மேடம் எப்போதும்போல வணக்கம் சொன்னார், அதைத்தான் தாங்க முடியவில்லை. மகா, "யாருப்பா அந்த ஒருத்தர்?" என்று ஒரே தடவை கேட்டாள். நான் அடுப்பில் தண்ணீர் காயவைக்கப் போய்விட்டேன். அன்றிலிருந்து அவள் என்னிடம் பேசவில்லை.

ஆகவே அவளைத் திருப்பத்தூருக்குக் கூட்டிக்கொண்டுபோய் அங்கேயே படிக்க வையுங்கள். உங்கள் பக்கத்து ஏரி வறண்டு கிடக்கிறது என்றீர்களே, அது ஒன்றே போதும். பொறுப்பில்லாத மனுஷர்கள் ஊரையே சாக்கடையாக்கி வைத்தால் ஒரு தகப்பன் என்னதான் செய்ய முடியும்?

மாமாவுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி. தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லவும்.

தங்கள் தம்பி,
இளங்கோவன்

பி.கு.: மேலே ஒன்றை விட்டுவிட்டேன். மனுவிலும் விட்டேன். நான் பம்ப் ஆபரேட்டராக இருக்கிற அபார்ட்மெண்டில் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் மெஷின் இரண்டு வருஷமாக ஓடவில்லை. தினமும் காலை ஆறு மணிக்கு வால்வைத் திறந்து அவ்வளவையும் ஏரியில் விடுவது நான்தான். செக்ரட்டரி சொன்னார், திறந்தேன். மகா படகில் இருந்த நாட்களிலும் திறந்தேன். இன்று போகவில்லை. கீழ்த்தளத்துப் பாத்ரூம்களில் பொங்குகிறது போலிருக்கிறது, இதுவரை ஒன்பது தடவை போன் அடித்துவிட்டது. மகா பல் விளக்கிக்கொண்டிருக்கிறாள். அவளிடம் இதைச் சொல்லிவிட்டுத்தான் போனை எடுப்பேன். அவளைக் கூட்டிப்போக நீங்கள் வர வேண்டாம்.